மாயம்மாளின் விரல் ரத்தம்

மாயம்மாளைப் பற்றி எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று யாராவது கேட்டால், அவளைத் தெருவில் நிறுத்தியவன் நான், அதுதான் யோக்கியதை என்பேன். கையால் ஒன்றும் செய்யவில்லை. ஒரு சின்ன அட்டையில் இரண்டு எழுத்து எழுதினேன். வாய் சும்மா கிடக்காமல் ஒரு கேலியும் பேசினேன். அது போதுமாக இருந்தது.

என் பெயர் வெங்கிடராமன். கொச்சி மட்டாஞ்சேரியில் எல்லோருக்கும் வெங்கிட்டு. பஜார் ரோட்டில் மிளகுக் கிடங்குகளுக்கு நடுவே ஒரு மாடியில் ரத்தம், சிறுநீர் பரிசோதிக்கிற லேப் இருந்தது. எழுபத்தாறிலிருந்து அங்கே வேலை பார்த்தேன். படித்தது ஒரு வருஷ சர்டிபிகேட் படிப்பு. அதை வைத்துக்கொண்டு எனக்கு இருந்த மிதப்பு பெரிய டாக்டர்களுக்குக்கூட இருந்திருக்காது. வெங்கிட்டு பார்த்தால் தப்பாது என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதில் என் பங்கும் இருந்தது.

மாயம்மாள் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து எழுபத்திரண்டில் புருஷன் செல்லதுரையோடு கொச்சிக்கு வந்தவள். செல்லதுரை மிளகு மூட்டை தூக்கினான். மறு வருஷம் ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பிரசவம். பெண் குழந்தை. பெற்ற கையோடு மூன்று நாள் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தாள். பக்கத்துப் படுக்கையில் அதே நாளில் ஒரு பெண்ணைப் பெற்றவள் ஜொஹரா பீவி. பஜார் ரோட்டில் சாக்கும் கயிறும் விற்கிற அப்துல் ஜலீலின் மனைவி, அவர்களும் தமிழ் பேசுகிற குடும்பம். அந்த மூன்று நாளும் இரண்டு பிள்ளைக்கும் பால் கொடுத்தது ஜொஹரா பீவிதான். மாயம்மாள் கண் திறந்தபோது ஒரு குழந்தையை அவள் பக்கத்தில் போட்டார்கள். பேச்சி என்று பெயர் வைத்தாள். பேச்சிக்கு ஆறு வயதாகும்போது செல்லதுரை மஞ்சள் காமாலையில் போய்விட்டான்.

அதற்குப் பிறகு மாயம்மாள் தோப்பும்படியில் இறால் உரிக்கிற ஷெட்டுக்குப் போனாள். விடியும் முன்பே போய் நின்றால் மதியம் தாண்டும்வரை கை ஐஸுக்குள்தான். உடைத்த ஐஸில் புதைந்து வருகிற இறாலை எடுத்துத் தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, மறுபடி ஐஸில் போட வேண்டும். அவள் வேகத்துக்கு அங்கே யாரும் இல்லை என்று அவளோடு வேலை பார்த்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பெருமை பேசத் தெரியாதவள். கேட்டால், "நாலு பேரு செய்யுதத நானும் செய்யுதேன்" என்பாள்.

எண்பத்து நாலு ஜூன். பள்ளிக்கூடம் திறந்து, பிள்ளைகளின் ரத்த குரூப்பை எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். கொட்டுகிற மழையில் மாயம்மாள் ஷெட்டிலிருந்து நேரே பேச்சியைக் கூட்டிக்கொண்டு லேபுக்கு வந்தாள். பேச்சிக்குப் பார்த்தேன். ஓ. அட்டையில் எழுதிக் கொடுத்தேன்.

"அப்படியே எனக்கும் பாத்துருங்க சாமி. ஷெட்டுலயும் கேக்காங்க" என்றாள் மாயம்மாள்.

எனக்கு அவளிடமிருந்து வந்த இறால் நாற்றம் குமட்டியது. வெங்காயம்கூட வீட்டுக்குள் ஏற்றாத குடும்பத்தில் பிறந்தவன் நான். "அங்கேயே நில்லு. கையைச் சோப்புப் போட்டு நன்னா அலம்பிண்டு வா" என்றேன். அலம்பி வந்தாள். இன்னொரு தரம் அலம்பச் சொன்னேன். மூன்றாவது தரமும் சொன்னேன். மழைக்காலத்துத் தொட்டித் தண்ணீர் சில்லென்று இருக்கும். அவள் மூன்று தரமும் அலம்பி, விரலை நீட்டினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் ஊசியைக் குத்தினேன்.

குரூப் பார்ப்பது பெரிய வித்தை இல்லை. வெள்ளை டைலில் இரண்டு இடத்தில் ரத்தம் தொட்டு வைக்க வேண்டும். ஒன்றில் நீல சீரம், அதாவது சோதனைத் திரவம், ஒரு சொட்டு; இன்னொன்றில் மஞ்சள் சீரம். நீலத்தில் ரத்தம் திரிந்த பால் மாதிரி திப்பி திப்பியாகக் கட்டினால் ஏ. மஞ்சளில் கட்டினால் பி. இரண்டிலும் கட்டினால் ஏபி. இரண்டிலும் கட்டாமல் வழவழவென்று கிடந்தால் ஓ. மூன்றாவதாக ஒரு சொட்டும் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அதைப் பிறகு சொல்கிறேன், ஏனென்றால் அன்று நான் அதை வைக்கவில்லை. அவள் சீக்கிரம் போனால் போதும் என்றிருந்தது எனக்கு. சீரத்தை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சூட்டோடு, சூடு என்ன சூடு, எடுத்த குளிரோடு சொட்டினேன். இரண்டிலும் சட்டென்று கட்டியது. ஏபி என்று எழுதினேன்.

அத்தோடு விட்டிருக்கலாம். பெஞ்சில் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். படித்தவன் என்று காட்டிக்கொள்ள அதைவிட நல்ல சமயம் ஏது?

"அம்மா ஏபி, பொண்ணு ஓவா? ஏபி அம்மாவுக்கு ஓ பிள்ளை பொறக்கவே பொறக்காது. ஏன் மாயம்மா, ஆஸ்பத்திரியிலே மாத்திக் குடுத்துட்டாளோ?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாயம்மாள் சிரிக்கவில்லை. பேச்சியையும் அட்டைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனாள்.

இரண்டு நாள் கழித்து வந்தாள். "சாமி, அன்னைக்கு வெளையாட்டுக்குச் சொன்னீங்களா, நெசமாத்தான் சொன்னீங்களா?"

கேலி செய்தேன் என்று சொல்ல என் கௌரவம் விடவில்லை. "நானா சொல்றேன்? சயின்ஸ் சொல்றது" என்றேன். அதற்குப் பிறகும் மூன்று தடவை வந்தாள். ஒரு தடவை, "ரத்தம் எப்பவாச்சும் தப்பாக் கட்டுமா சாமி?" என்று கேட்டாள். எழுதப்படிக்கத் தெரியாத அவள் கேட்ட அந்தக் கேள்விதான் சரியான கேள்வி. நான் ஒரு வருஷம் படித்தவன், "ரத்தம் பொய் சொல்லாது" என்று அனுப்பிவைத்தேன்.

பிறகு அவள் என்னிடம் வரவில்லை. ஜலீலின் கடைக்கு எதிரே நிற்க ஆரம்பித்தாள். ஷெட் விட்டதும் வந்து, பேச்சி பிறந்த அதே நாளில் பிறந்த ஜலீலின் மகள் சுல்ஃபத் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்புகிற நேரம்வரை நிற்பாள். பார்ப்பாள், போய்விடுவாள். சுல்ஃபத் நல்ல கறுப்பு, செல்லதுரையைப் போல. பேச்சி வெளுப்பு. அது போதாதா மனசு கெட்டுப்போக? என் லேப் ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்தக் கடை தெரியும். அவள் நிற்பதை நான் தினமும் பார்த்தேன். எதற்கு நிற்கிறாள் என்று எனக்குத் தெரியாது என்று சொன்னால் அது பொய்.

ஆகஸ்ட்டில் ஒரு நாள் சாயங்காலம் கீழே சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். மாயம்மாள் சுல்ஃபத்தின் கையைப் பிடித்து இழுத்து, தலைத்துணியை விலக்கிக் காதுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். செல்லதுரைக்கு அங்கே ஒரு மரு இருந்ததாம். பெண் அலறியது. கடையை ஒட்டிய வீட்டுக்குள்ளிருந்து ஜொஹரா பீவி ஓடிவந்தாள். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது.

"இது நான் பெத்த புள்ள. ஆஸ்பத்திரியில மாறிப்போச்சு. எம் புள்ளயக் குடுத்துரு" என்றாள் மாயம்மாள்.

ஜொஹரா பீவி அடிக்கவில்லை. மாயம்மாளின் பிடியிலிருந்து மகளை விடுவித்துக்கொண்டே சொன்னாள்: "மூணு நாள் உன் புள்ளைக்கும் சேத்துப் பால் குடுத்தேனே மாயம்மா. என்னைப் புள்ள திருடிங்கிறியா?" மகளை இழுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். கூட்டத்தில் ஒருவன் மாயம்மாளைப் பிடித்துத் தள்ளினான். சாக்குக் கட்டின் மேல் விழுந்தாள். அப்போதுதான் பார்த்தேன், கூட்டத்துக்கு வெளியே தோளில் புத்தகப் பையோடு பேச்சி நின்றுகொண்டிருந்தது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறது.

நான் என்ன செய்தேன்? ஜன்னலை விட்டு நகர்ந்துகொண்டேன். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

ஒரு வாரம் கழித்துப் பேச்சி தனியாக லேபுக்கு வந்தது. பதினோரு வயசு. எல்லோரும் போகும்வரை பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. பிறகு பள்ளிக்கூட அட்டையை என் மேஜையில் வைத்தது.

"சாரே, இதில ஏபின்னு மாத்தி எழுதித் தருமோ?"

"அப்படியெல்லாம் எழுதப்படாது குழந்தை. ரத்தத்துல இருக்கறதைத்தான் எழுதணும்."

"அம்மாவோட அட்டையில அதுதான உண்டு. எனக்கும் அதுன்னு எழுதினா நான் அம்மாவுக்கு ஆயிருவேன்ல?"

நான் பேனாவை மூடி வைத்தேன். அது விடவில்லை. "அம்மா இப்பல்லாம் எனக்குத் தலை பின்னிவிடுறதில்ல சாரே. கேட்டா கை வேதனைன்னு சொல்லுது. கை வேதனை நெசம்தான். ஐஸில வெச்சா விரல் எல்லாம் நீலமா ஆகும். மழை பெய்தா காதும் அப்படித்தான். அடுப்புகிட்ட வெச்சாத்தான் சரியாகும். ஆனா முன்னேயும் வேதனை உண்டே, அப்ப பின்னிவிட்டுச்சே."

நீல விரல் என்றதும் அந்த டைல் ஞாபகம் வந்தது. சீரம் கலக்குவதற்கு முன்பே, தொட்டு வைத்த இடத்திலேயே ரத்தம் கொஞ்சம் மணல் மணலாக இருந்தது. பார்த்தேன். பார்த்தும், நாற்றம் தாங்காமல் கண்டுகொள்ளவில்லை. பேச்சியிடம் அட்டையைத் திருப்பிக் கொடுத்து, "அம்மாவை நான் வரச் சொன்னேன்னு சொல்லு" என்றேன்.

மறுநாள் படகில் எர்ணாகுளம் போனேன். அங்கே ஒரு ரத்த வங்கியில் நீலகண்டன் என்று எனக்கு மூத்தவர், பாலக்காட்டுக்காரர், இருபது வருஷ அனுபவம். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் கேலியைத் தவிர.

"ஐஸ்ல வேலை பாக்கறவளா? விரல் நீலமாறதா? ஏண்டா, வெறும் உப்புத் தண்ணில அவ ரத்தத்தை ஒரு சொட்டு விட்டுப் பாத்தயோ?"

அதுதான் அந்த மூன்றாவது சொட்டு. "பாக்கலை" என்றேன்.

"சீரத்தை வெளில வெச்சுக் குளிர் போன அப்புறம் விட்டயோ?"

"இல்லை."

"பின்னே என்னத்தைப் பாத்தே?" என்றார். திட்டிய பிறகு விளக்கினார். சிலருடைய ரத்தத்தில், குளிர் பட்டால் சிவப்பணுக்களைத் தானாகவே ஒன்றோடொன்று ஒட்டவைக்கிற ஒரு சரக்கு அளவுக்கு மீறி இருக்கும். அந்த ரத்தத்தை எந்தச் சீரத்தில் விட்டாலும் கட்டும். வெறும் உப்புத் தண்ணீரில் விட்டாலும் கட்டும். அவசரக்காரன் பார்த்தால் ஏபி என்று எழுதுவான். உடம்புச் சூட்டில் வைத்துப் பார்த்தால் கட்டி பிரிந்து உண்மையான குரூப் தெரியும். "அவளை ஐஸ் பக்கமே விடாதே. ரத்த அணு உடம்புக்குள்ளேயே ஒடையும். டாக்டர் கிட்டே அனுப்பு" என்றார்.

மாயம்மாள் வந்தாள். மெலிந்திருந்தாள். படியேறி வந்ததற்கே மூச்சு வாங்கியது. வாசலிலேயே நின்று, நான் சொல்லாமலே கை அலம்பப் போனாள். "வேண்டாம், உள்ளே வா" என்றேன். அவளை நாற்காலியில் உட்காரவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்தில் அவள் கைகளை வைத்து, ஆறாமல் ஊற்றிக்கொண்டே இருந்தேன். எட்டு வருஷ லேப் வேலையில் ஒருவர் விரல்களைப் பஞ்சு இல்லாமல் தொட்டது அதுதான் முதல் தடவை. இறால் ஓடு கீறிய தழும்பு இல்லாத விரல் ஒன்றுகூட இல்லை.

ஒரு சொட்டை வெறும் உப்புத் தண்ணீரில் விட்டு அவளையே பார்க்கச் சொன்னேன். ஆற ஆறக் கட்டியது. டைலை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் பிடித்தேன். கட்டி பிரிந்தது. மறுபடி ஆறவிட்டேன். மறுபடி கட்டியது. பிறகு ஊசியில் ரத்தம் எடுத்து, சூடு குறையாமல் வைத்து, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் அணுக்களை நாலு தரம் கழுவி, சூட்டிலேயே இரண்டு சீரமும் விட்டேன். நீலத்திலும் கட்டவில்லை. மஞ்சளிலும் கட்டவில்லை.

"ஓ" என்றேன். "நீயும் ஓதான் மாயம்மா. நான் எழுதினது தப்பு. சுத்தத் தப்பு."

அவள் டைலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அப்போ பேச்சி எம் புள்ளதான சாமி?"

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். ஆமாம் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. ஆனால் மறுபடி தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. "உன் பிள்ளையா இருக்கலாம், தடையில்லை. அவ்வளவுதான் இந்த ரத்தம் சொல்லும். ஆமான்னு அடிச்சுச் சொல்ல இதுக்குத் தெரியாது" என்றேன்.

"இல்லைன்னு சொல்ல மட்டும் அன்னைக்கு ஒரு நிமிசத்துல தெரிஞ்சுதே சாமி" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "ஒரு உதவி செய்யுங்க. ஜொஹரா அக்கா வீட்டுக்கு வந்து, நீங்கதான் தப்பா எழுதுனீங்கன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. தெருவே பாத்துச்சு. நான் சொன்னா யாரு கேப்பா?"

"வரேன். நாளைக்கு வரேன்."

நாளைக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. வெங்கிட்டு பார்த்தால் தப்பாது என்ற பேச்சு என்ன ஆகும், முதலாளி என்ன சொல்வார், இறால் உரிக்கிறவள் பின்னால் நான் நடந்து போய்ப் பஜார் நடுவில் தலைகுனிந்து நிற்பதா என்றெல்லாம் யோசித்தேன். இவ்வளவு நடந்த பிறகும் அப்படித்தான் யோசித்தேன். ஜன்னல் கதவை வேறு சாத்தி வைத்தேன்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து அப்துல் ஜலீல் சர்க்கரை பார்க்க வந்தார். விரலை நீட்டிக்கொண்டே பேச்சை எடுத்தார். "அந்த இறால் கம்பெனிக்காரி வந்திருந்தா சாமி. வாசல்ல உக்காந்து எம் பொஞ்சாதி காலைப் பிடிச்சிட்டு ஒரே அழுகை. எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுக்கா, கிறுக்குப் பிடிச்சுப் போச்சுன்னு நாலு பேரு கேக்கச் சொன்னா. பாவம், புருஷன் போனதுல மூளை கலங்கியிருக்கும்."

"வேறே ஒண்ணும் சொல்லலையா?" என்றேன்.

"சொல்லல. யார் சொல்லி இப்படி நெனச்சேன்னு ஜொஹரா கேட்டா. யாரும் சொல்லல, நானா நெனச்சுக்கிட்டேன்னா. அப்புறம் ஜொஹரா மனசு எறங்கிட்டா. அடி பைத்தியமே, உன் புள்ள கண்ண மூடிட்டே பால் குடிக்கும், என் புள்ள முழிச்சுப் பாத்துட்டே குடிக்கும், மூணு நாள் மடியில போட்டவளுக்கு மாறுமாடி, என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதான்னா. அதக் கேட்டு அவ அழுத அழுகை இருக்கே!"

ஊசியைத் தட்டில் வைத்தேன். அவள் தேடிய பதில் எதிர்வீட்டுத் திண்ணையில் இத்தனை நாளும் உட்கார்ந்திருக்கிறது. அதை விட்டு என் டைலை நம்பினாள். அந்த நம்பிக்கைக்கு நான் கொடுத்தது இது. எல்லாவற்றுக்கும் மேல், என் பெயரை அவள் எடுக்கவே இல்லை.

அங்கேயே, பெஞ்சில் ஆட்கள் இருக்க, சொன்னேன். நாற்றம் பிடிக்காமல் அவசரப்பட்டதிலிருந்து, கேலி, சயின்ஸ், சாத்திய ஜன்னல்வரை ஒன்று விடாமல் சொன்னேன். ஜலீல் விரலை இழுத்துக்கொண்டார்.

"இதை அன்னைக்கு வாசல்ல வந்து சொல்லியிருந்தா அவ தன்னைத்தானே கிறுக்கின்னு சொல்லியிருக்க வேணாமே சாமி" என்றார். அன்று அவர் என்னிடம் ரத்தம் கொடுக்காமலே இறங்கிப் போனார்.

அடுத்த நாள் ஜொஹரா பீவியிடமும் போய்ச் சொன்னேன். கடை வாசலில் நின்று சத்தமாகவே சொன்னேன். கேட்டவர்கள் கேட்டார்கள். ஆனால் நான் பதினைந்து நாள் பிந்திவிட்டேன். அதற்குள் கிறுக்கி என்ற பெயர் மாயம்மாளோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அதைப் பிரிக்க எந்த வெந்நீராலும் முடியவில்லை.

ஐஸ் ஆகாது என்று நான் சொன்னதும் ஷெட்டை அவள் விட்டாள். டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். அந்த அளவுக்காவது வெட்கம் இருந்தது. தோப்பும்படியில் மீன்பிடித் துறைமுகம் பக்கம் ஒரு சாயாக்கடையில் அடுப்படி வேலை கிடைத்தது. அண்டா அண்டாவாகக் கப்பையை, நம்மூர் மரவள்ளிக் கிழங்கை, வேகவைப்பாள். விரல் நீலமாவது நின்றது.

எண்பத்தெட்டில் ஒரு நாள் அந்தப் பக்கம் போனபோது உள்ளே போய் உட்கார்ந்தேன். சுற்றிலும் மீன் வாடை. பழகிக்கொண்டேன். மாயம்மாள் அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்து, "வாங்க சாமி" என்றாள், எதுவுமே நடக்காத மாதிரி. பேச்சிக்கு அப்போது பதினைந்து வயசு. அம்மா பின்னிவிட்ட இரட்டைச் சடையோடு எனக்குக் கப்பைத் தட்டு கொண்டுவந்து வைத்தாள்.

வெளியே படகுக்காரன் ஒருவன் கத்தினான்: "ஏ கிறுக்கி மவளே, ரெண்டு சாயா!"

எனக்குச் சுருக்கென்றது. பேச்சி திரும்பி, "தா வந்தாச்சு சேட்டா!" என்று சந்தோஷமாகக் குரல் கொடுத்தாள்.

"அப்படிக் கூப்பிட்டா உனக்குக் கோபம் வரலையா குழந்தை?" என்று கேட்டேன்.

"எதுக்கு சாரே?" என்றாள் பேச்சி. "அம்மாவோட மகள்னுதானே விளிக்கிறாங்க."

அவள் சாயா எடுக்கப் போய்விட்டாள். நான் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே உட்கார்ந்திருந்தேன்.